ஆமணக்கா, சுரையா?

ஒரு போதகர் குடியிருந்த குருமனையில் ஒரு மேஜை இருந்தது. மேஜைமேல் மூன்று மேதாவிகள் குடியிருந்தார்கள். ஒருவர் கத்தரி, ஒருவர் பூதக்கண்ணாடி, ஒருவர் அடிக்கோல்.

மூவரும் வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்கள். அதாவது, அந்த வீட்டுக்காரர் ஞானாபரணம் ஐயர் போதகராவதற்கு அங்கே படித்த காலத்தில் அவருடைய தகரப் பெட்டிக்குள் கிடந்தவர்கள். பெட்டிக்குள் கிடந்தாலும் படிப்பு படிப்புதானே! இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கத்தரியின் தொழில் பிரிப்பது. வேதத்தில் எந்தப் பகுதி முதலில் எழுதியது, எது பிற்பாடு ஒட்டவைத்தது என்று பார்த்து, "இது ஒரு கை, அது வேற கை" என்று நறுக்கிவிடும். பூதக்கண்ணாடிக்குச் சொல்தான் உயிர். ஒரு சொல்லின்மேல் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. அடிக்கோல் கதையின் கட்டுக்கோப்பை அளக்கும். எந்தக் காட்சிக்கு எந்தக் காட்சி ஜோடி, எந்தப் பேச்சுக்கு எந்தப் பேச்சு சமம் என்பது அதன் கவலை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஐயர் எதைக் கையில் எடுக்கிறாரோ அது அவர் மனசுக்குள் பேசத் தொடங்கும். அது பேசுவதை ஐயர் தம்முடைய சொந்த யோசனை என்று நினைத்துக்கொள்வார். நாமும் அப்படித்தான், ஐயரை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்த கையோடு சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற நாள். அன்றைய வேதபாடம் யோனாவின் கதை. அதனால் மேஜை நடுவில் வேதாகமம் அந்த இடத்தில் திறந்து கிடந்தது.

கதை பாதிப் பேருக்குத் தெரியும், பாதிக் கதை எல்லாருக்கும் தெரியும். யோனா ஒரு தீர்க்கதரிசி. நினிவே என்ற பகையூருக்குப் போய் எச்சரிக்கை சொல்லு என்றார் கடவுள். போகிறேன் என்று கிளம்பினவன் எதிர்த்திசையில் கப்பல் ஏறினான். புயல் வந்தது, கடலில் விழுந்தான், மீன் விழுங்கிற்று, மூன்றாம் நாள் மீன் கக்கிற்று. இனி தப்ப வழியில்லை என்று நினிவேக்குப் போய், "அழியப் போறீங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். பார்த்தால் ஊரே மனந்திரும்பிவிட்டது! ஆடுமாடுகூட உபவாசம்! கடவுளும் மன்னித்துவிட்டார். யோனாவுக்கு வந்ததே ஆத்திரம். ஊருக்கு வெளியே ஒரு பந்தலைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்தபடி உட்கார்ந்தான். அவன் தலைக்குமேல் ஒரு செடி முளைத்து நிழல் கொடுத்தது. மறுநாள் ஒரு பூச்சி அரித்துச் செடி பட்டுப்போயிற்று. கீழ்காற்று வேறு அனலாய் அடித்தது. "என் செடி போச்சே, நான் செத்தே போறேன்" என்று அழுதான் அந்தப் பெரிய மனுஷன்.

அப்போது கடவுள் ஒரு கேள்வி கேட்டார். நீ நடாத, நீ தண்ணீர் ஊற்றாத ஒரு செடிக்காக உனக்கு இத்தனை வருத்தம் வருகிறதே. இத்தனை ஜனமும், போதாதற்கு அநேகம் ஆடுமாடும் இருக்கிற ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதா? அவ்வளவுதான். கதை முடிந்தது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியிருக்கவில்லை.

அந்தக் கேள்வி கதையின் கடைசி வரியில் குடியிருந்தது. தெருக்கோடி வீடு மாதிரி. அதன் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். அதுவரைக்கும் ஆள் வருவதில்லை.

"வாறவங்க எல்லாம் மீனைப் பாக்கத்தான் வாராவ," என்று அது புலம்பும். "சின்னப் பிள்ளைகளுக்கு மீன் படம். பெரியவங்களுக்கு, மீன் வயித்துக்குள்ள மனுஷன் பிழைப்பானா மாட்டானான்னு சண்டை. மீன் கக்குனதும் எல்லாரும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருதாவ. நான் ஒண்ணு கடைசியில நிக்கேன். கேள்வின்னு கேட்டா ஒரு பதில் சொல்லணுமா, வேண்டாமா?"

இப்போது சுரைவிளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். சுரைக்கொடி ஏறாத கூரை அங்கே கிடையாது. ஞானாபரணம் ஐயரின் சபையைச் சேர்ந்தவர்கள்தான். போன வருஷ அசனத்தன்று ஐயர் பிரசங்கம் பண்ணினார். பண்ணினார், பண்ணினார், பண்ணிக்கொண்டே இருந்தார். வெளியே பந்தலில் சோறு வடித்துப் பாயில் கொட்டியாகிவிட்டது. சுரைவிளை பாக்கியத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுக்கமாட்டாமல் எழுந்து, "ஐயா, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டாள்.

கோவிலே சிரித்தது. மணி அடிக்கிற கோவில்பிள்ளைகூடத் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

ஐயருடைய முகம் சுண்டிப்போயிற்று. பீடத்தில் நின்றபடியே, "சுரைவிளைக்காரங்க சபை முன்னால மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இந்தக் கோவில் படி ஏறவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் ரோஷக்காரர்கள். ஏறவில்லை. ஓலைப் பந்தல் போட்டுத் தாங்களே ஜெபம் பண்ணிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பாக்கியத்தாயின் புருஷன் செல்லையா செத்துப்போனார். துக்க மணி அடிக்கட்டுமா என்று கோவில்பிள்ளை வந்து கேட்டார். ஐயர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கின மனுஷனை மணிச்சத்தம் இல்லாமல் மண்ணுக்குள் வைத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது. ஐயருக்கு எரியாமலா இருந்திருக்கும்? எரிந்தது. அதனால்தான் அவர் இன்னும் நிறையப் புத்தகம் படித்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து ஐயர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். நினிவே என்று வருகிற இடத்திலெல்லாம் அவருக்கு ஏனோ சுரைவிளை ஞாபகம் வந்தது. ஆகையால் அந்த இடங்களை மளமளவென்று கடந்து செடிக்கு வந்துவிட்டார். செடி பத்திரமான விஷயம். செடி யாரையும் ஒன்றும் கேட்காது.

ஆனால் செடியிலும் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் வேதத்தில் அது ஆமணக்கு. ஐயர் கல்லூரியில் படித்த இங்கிலீஷ் வேதத்தில் அது சுரை. ஐயர் ஒரு கையில் பூதக்கண்ணாடியையும் மறு கையில் கத்தரியையும் எடுத்தார். எடுத்ததுதான் தாமதம்.

"சுரைதான்," என்றது பூதக்கண்ணாடி.

"என்னவே பேசுதீரு? ஆமணக்கு!" என்றது கத்தரி. "ஒரே ராத்திரியில வளந்துச்சாம்லா. குப்பைமேட்டுல ஆமணக்கு வளருத வேகம் உமக்குத் தெரியுமா?"

"யோனா பந்தல் போட்டிருந்தானா இல்லையா? பந்தல் எதுக்கு? கொடி ஏறத்தான். ஆமணக்கு எந்த ஊர்ல வே பந்தல் ஏறுது?"

"பந்தலை அவன் முதல்லயே போட்டுட்டான். செடி பிறகு வந்தது. எனக்கு என்னமோ பந்தல் எழுதுனது ஒரு கை, செடி எழுதுனது வேற கைன்னு படுது."

"உமக்கு உம்ம பொண்டாட்டி வச்ச குழம்பே ரெண்டு கைன்னுதான் படும்."

"எனக்கு ஏது வே பொண்டாட்டி?"

அடிக்கோல் தொண்டையைக் கனைத்தது. எழுதி முடித்த தாள்கள் பறக்காதபடி அவற்றின்மேல் அதைப் படுக்கவைத்திருந்தார் ஐயர். "ஆமணக்கோ சுரையோ, நிழலோட நீளம் என்னன்னு யாராவது பாத்தியளா?" என்று கேட்டது.

பூதக்கண்ணாடி அதைப் பொருட்படுத்தாமல் கத்தரி பக்கம் திரும்பிற்று.

"லேசான விஷயம்னு நினைக்காதேயும்," என்றது பூதக்கண்ணாடி. "அந்தக் காலத்துல ஒரு ஊர்ச் சபையே இந்தச் செடியோட பேருக்காக ரகளை பண்ணியிருக்கு."

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து ஐயரம்மா கூப்பிட்டாள். "ஏங்க! சுரைவிளைக்காரங்க வந்திருக்காவ!"

"கேட்டீரா!" என்று குதித்தது பூதக்கண்ணாடி. "சுரை! சாட்சியே வீடு தேடி வந்தாச்சு!"

"ஒரு ஆடும், சாக்கு நிறைய சுரைக்காயும் கொண்டாந்திருக்காவ!"

"சாக்கு நிறைய வே! சாக்கு நிறைய!"

ஐயரம்மா உள்ளே வந்தாள். லில்லி கமலம் என்று பெயர். அதிகம் பேசமாட்டாள், பேசினால் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டும். "நாளைக்கு அசனத்துக்கு வரலாமான்னு கேக்காவ. அசனத்துக்கு அவங்க பங்குன்னு ஆட்டை ஓட்டியாந்திருக்காவ. நீங்க 'வாங்க'ன்னு ஒரு சொல் சொன்னாப் போதுமாம். பாக்கியத்தாயும் வந்திருக்கா."

ஐயர் தலையைத் தூக்கவில்லை. "எழுதிக்கிட்டிருக்கேன்லா. இருக்கச் சொல்லு. பாப்போம்."

"ஒரு சொல்லுதானங்க."

"ஒரு சொல்லா? இங்க ஒரே ஒரு சொல்லுக்குத்தான் காலையில இருந்து மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்."

"சரி, நீங்க செடிக்குப் பேர் வச்சு முடிங்க. அவங்க வெயில்ல இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஐயரம்மா போய்விட்டாள்.

ஐயருக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் மனுஷன் என்ன செய்வான்? வேறு வேலை தேடுவான். எபிரெய அகராதியைப் பார்க்கலாம் என்று எழுந்து அடுத்த அறைக்குப் போனார். சுரைவிளைக்காரர்கள் முற்றத்தில் வெயிலில் குந்தியிருந்தார்கள். ஆட்டை மேஜையோரத்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

ஐயர் போனதும் கேள்வி வாயைத் திறந்தது. "அண்ணாச்சிமாரே, கொஞ்சம் இப்படி வருதியளா?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஒரே மேஜையில் இருந்தும் அதன் குரலை அவர்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"நீ யாரு?" என்றது கத்தரி.

"கடைசி வரி. கேள்வி."

"அடடே, நாலாம் அதிகாரமா? எனக்கு ரெண்டாம் அதிகாரத்தோட வேலை முடிஞ்சிருதுல்லா. மீன் வயித்துக்குள்ள யோனா ஒரு பாட்டுப் பாடுதானே, அது பிற்பாடு யாரோ சொருகுனது. நடை வேற, சொல் வேற. அதை நறுக்கி எடுத்துட்டு நான் படுத்திருவேன்."

"நறுக்குனது சரி அண்ணாச்சி. பாட்டுல அவன் என்ன சொல்லுதான்னு பாத்தியளா?"

கத்தரி யோசித்தது. "என்னைக் காப்பாத்துனீரே, உமக்கு ஸ்தோத்திரம்ங்கான்."

"கடைசியில எதுக்குக் கோவப்படுதான்?"

"ஊரைக் காப்பாத்திட்டாருன்னு." கத்தரி வாயைப் பிளந்தபடியே நின்றது. அதற்கு வேறு எப்படி நிற்கத் தெரியும். "அட சண்டாளப்பாவி! தன்னைக் காப்பாத்துனா பாட்டு, அடுத்தவனைக் காப்பாத்துனா கோவமா? நான் பாட்டை நறுக்கிப்போட்டுட்டா இந்தக் கள்ளத்தனம் தெரியாதே!"

"சொருகுனது யாரா வேணும்னாலும் இருக்கட்டும்," என்றது கேள்வி. "இடம் பாத்துச் சொருகியிருக்காரு. கண்ணாடி அண்ணாச்சி, நீங்க என்ன பாத்தியோ?"

பூதக்கண்ணாடி செடியை விட்டு வர மனமில்லாமல்தான் வந்தது. "எபிரெயத்துல ஒரு சொல்லு திரும்பத் திரும்ப வருது. 'பெரிய'. பெரிய ஊரு, பெரிய காத்து, பெரிய மீனு, யோனாவுக்குப் பெரிய கோவம். பூச்சி மட்டுந்தான் சின்னது. அந்தச் சின்னப் பூச்சியும் கடவுள் சொன்னதைக் கேக்குது, மீனும் கேக்குது, காத்தும் கேக்குது. தீர்க்கதரிசி ஒருத்தன்தான் கேக்கல." சொல்லிவிட்டு அதுவே சிரித்தது. "ஏ, இது சிரிப்புக் கதைல்லா வே! இத்தனை நாளும் நான் மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டுப் படிச்சிருக்கேன்."

அடிக்கோலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நானும் அளந்திருக்கேன். கோவத்துல யோனா கடவுள்கிட்டப் பேசுன பேச்சும், கடைசியில கடவுள் திருப்பிச் சொன்ன பேச்சும், எபிரெயத்துல அளந்தா ஒரே நீளம். தராசுல வச்ச மாதிரி. எதுக்குன்னுதான் தெரியல."

"எதிர்ல நிக்கிறவன் பேசுன அளவுக்கு அவரும் பேசுதாரு. அதுக்கு மேல ஒரு சொல் கூட இல்ல. பிறகு நிறுத்திருதாரு. எங்க நிறுத்துதாருன்னு வந்து பாருங்க," என்றது கேள்வி.

அடிக்கோல் தாள்களை விட்டு மெல்ல நகர்ந்து கடைசி வரிக்கு வந்தது. வரியை அளந்தது. வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அளந்தது. மறுபடியும் அளந்தது.

"இங்க ஒரு வரி குறையுது," என்றது.

எல்லாரும் கத்தரியைப் பார்த்தார்கள்.

"நான் வெட்டல வே!" என்று அலறியது கத்தரி. "என் ரெண்டு காலு மேலயும் சத்தியம்! நான் இந்தப் பக்கமே வந்ததில்ல!"

"யாரும் வெட்டல," என்றது கேள்வி. "எழுதுனவரு வேணும்னே விட்ட இடம் அது. யோனா பதில் சொன்னான்னு எழுதியிருந்தா, படிக்கிறவன் 'சரி, அவன் சொல்லிட்டான்'னு மூடி வச்சிருவான். அதான் விட்டுவச்சிருக்காரு. பதிலு படிக்கிறவன் சொல்லணும். நம்ம ஐயரு இன்னைக்குச் சொல்லணும். வெளிய வெயில்ல குந்தியிருக்காவளே, அவங்களுக்குச் சொல்லணும். நாளைக்குச் சொல்லி என்ன? அசனம் முடிஞ்சு, பாயைச் சுருட்டியிருப்பாவ."

ஆமணக்கா சுரையா என்று அடித்துக்கொண்டதை நினைத்து மூவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"முடிச்சிட்டியளா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. சுரைவிளை ஆடு கம்பிக்குள் மூஞ்சியை நுழைத்திருந்தது. "அந்தக் கேள்விக்குள்ள ஆடுமாடும் உண்டுன்னு காதுல விழுந்துது. நிசமாவா?"

"நிசம்தான்," என்றது கேள்வி. "எபிரெயத்துல கடைசிச் சொல்லே உங்களைப் பத்தினதுதான்."

"அப்ப எனக்கு ஒரு சந்தேகம். ஐயரு 'வாங்க'ன்னு சொன்னா ஊருக்கு நல்லது. எனக்கு? நான் நேரா குழம்புக்குல்லா போவேன்?"

கேள்விக்கே அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அப்போது கீழ்காற்று ஒரு வீச்சு வீசியது. தாள்களின்மேல் அடிக்கோல் இல்லை. காலையிலிருந்து எழுதின பிரசங்கம் அப்படியே பறந்து ஜன்னலில் போய் ஒட்டிற்று. ஆட்டுக்குக் கவலை வந்தால் பசி வரும். பசி வராவிட்டாலும் தின்னும். முதல் தாளை இழுத்து மென்றது. நன்றாயிருந்தது போல. அடுத்ததையும் இழுத்தது.

ஐயர் அகராதியோடு திரும்பி வந்தபோது ஆட்டின் வாயோரத்தில் கடைசித் தாள் ஆடிக்கொண்டிருந்தது. அதில் "ஆகவே அன்பானவர்களே" என்பது மட்டும் தெரிந்தது. அதுவும் உள்ளே போய்விட்டது.

"ஏ ஆடே! ஐயோ! என் பிரசங்கம்!"

சத்தம் கேட்டு முற்றத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாக்கியத்தாயும் அவள் ஊர்க்காரர்களும், உள்ளே ஐயர், நடுவில் அசைபோட்டபடி ஆடு. சமாதானம் பேச வந்த இடத்தில் ஆடு செய்த காரியத்தைப் பாருங்கள்.

"ஐயா, மன்னிக்கணும்," என்றாள் பாக்கியத்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. வாய் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டது? "யோனா மீன் வயித்துக்குள்ள போன மாதிரி, உங்க பிரசங்கம் ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டுது. மூணாம் நாள் வந்திரும். ஆனா மீனு கக்குன மாதிரி ஆடு கக்காது, ஐயா. அது வேற வழியா வரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள், "கெடுத்தாளே, மறுபடியும் கெடுத்தாளே" என்று தலையில் கைவைத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. போன வருஷம் சிரித்ததற்குப் பட்டது போதாதா?

ஐயருக்குக் காது மடல் சிவந்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மேஜைக்குத் திரும்பினார். கைக்கு எட்டினதை எடுத்தார். பூதக்கண்ணாடி.

வழக்கம்போல அது செடியின்மேல் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. நகர்ந்து நகர்ந்து கடைசி வரிக்கு வந்து நின்றது. ஒன்றும் பேசவும் இல்லை. அதற்கு அடியில் கேள்வி, இத்தனை காலமும் இல்லாத அளவுக்குப் பெரிதாய்த் தெரிந்தது.

நீ நடாத செடிக்காக உனக்கு இத்தனை வருத்தம் வருகிறதே.

ஐயர் வாசித்தார். கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பதில் எங்கே என்று தேடுகிறவர் மாதிரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே வேறு தீர்க்கதரிசி தொடங்கிவிட்டார். திரும்பி வந்தார். வெற்றிடம் அங்கேயேதான் இருந்தது. காலை முழுவதும் ஒரு செடிக்குப் பேர் தேடின தமக்கு, செல்லையாவின் பேருக்கு ஒரு மணி அடிக்கச் சொல்ல வாய் வரவில்லையே என்று நினைத்தார். நினைத்ததும் அவமானம் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

ஜன்னல் பக்கம் திரும்பினார். கன்னத்தில் கண்ணீரோடுதான் திரும்பினார். ஆட்டைப் பார்த்தார். அது ஒரு ஏப்பம் விட்டது. அவ்வளவுதான், ஐயருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் சுரைவிளைக்காரர்கள் பயந்துபோனார்கள்.

"வாங்க," என்றார் ஐயர். "எல்லாரும் வாங்க. நாளைக்கு வாங்க. இப்பவே நிழலுக்கு வாங்க."

பிறகு பாக்கியத்தாயிடம், "உங்க வீட்டுக்காரருக்கு மணி அடிக்கச் சொல்லாம இருந்துட்டேனம்மா. தப்பு என்மேலதான். மன்னிப்பு நீங்க கேக்கவேண்டாம், சபை முன்னால நான் கேக்கேன்," என்றார்.

பாக்கியத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அடக்கிவைத்த அழுகை. ஐயரம்மா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். கோவில்பிள்ளைக்கு ஆள் போயிற்று. நேரங்கெட்ட நேரத்தில், செத்து மாதக்கணக்கான மனுஷனுக்குத் துக்க மணி அடித்தது. ஊரில் இருந்தவர்கள் யாருக்கோ என்று வெளியே வந்து கேட்டு, செல்லையாவுக்கு என்று தெரிந்து நின்ற இடத்தில் தலைகுனிந்து நின்றார்கள்.

மணி ஓய்ந்த பிறகு பாக்கியத்தாய் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அப்படி என்னய்யா எழுதியிருந்தீங்க அந்தத் தாள்ல?"

"அந்தச் செடி ஆமணக்கா, சுரையான்னு."

"ஆமணக்குன்னே வச்சுக்கிடுங்க, கொஞ்சம் விளக்கெண்ணெய் புகட்டுவோம். மூணு நாள் காத்திருக்க வேண்டாம், சாயங்காலமே பிரசங்கம் வந்திரும்."

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். ஐயர்தான் முதலில் சிரித்தார்.

"இந்த ஆட்டை அறுக்கக்கூடாது," என்றார். "அறுத்தா, என் பிரசங்கத்தையும் சேத்துல்லா சபை தின்னணும்? போன வருஷம் பட்டது போதும்." கத்தரியை எடுத்து ஆட்டின் கயிற்றை வெட்டிவிட்டார். எத்தனையோ வருஷமாய் எதை எதையோ வெட்டின கத்தரிக்கு, வெட்டி இவ்வளவு சந்தோஷம் அன்றுதான்.

மறுநாள் ஐயர் கையில் தாள் இல்லாமல் பீடம் ஏறினார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு யோனாவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, காற்றையும் மீனையும் பூச்சியையும் கண்ணுக்குமுன் கொண்டுவந்து, கதையாகவே சொன்னார். சிரிக்கவேண்டிய இடத்தில் ஜனம் சிரித்தது. கடைசியில் அந்தக் கேள்வியை வாசித்தார். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் சுரைவிளைக்காரர்களுக்கு யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அடுத்த வரிசையிலும் நகர்ந்தார்கள்.

பந்தலில் ஒரு தொல்லை வந்தது. சுரைவிளை மொத்தமும் வந்துவிட்டதில் கறி பத்தவில்லை. ஒரு ஆடு வேறு குறைவு. உவமையாயிருந்தாலும் உண்மையைச் சொல்லவேண்டுமே, மற்ற ஆடுகள் அண்டாவுக்குள் போயிருந்தன. தப்பின ஆடு கோவில் சுவரோரம் நின்று, "கேள்வியில 'அநேகம்'னுதான் போட்டிருக்கு, 'எல்லாம்'னு போடல" என்று தனக்குத்தானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டது. பிரசங்கத்தைத் தின்றால் அப்படித்தான் ஆகும்.

சமையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பாக்கியத்தாய் சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள். சுரைக்காயை நறுக்கிக் கறிக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். கறி பெருகிற்று. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் வந்தது.

ஐயருடைய சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருந்தது. அது மெல்ல எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன், சுரைதான்னு," என்றது. அதோடு தகராறு பண்ண அங்கே யாருக்கும் வாய் காலியாக இல்லை.

பாக்கியத்தாய் கரண்டியோடு ஐயருக்கு முன்னால் வந்து நின்றாள். அவருடைய இலையில் ஒரு பெரிய சுரைத்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாவ. உங்க ஏட்டுச் சுரைக்காய் உதவிட்டுது," என்றாள். "சாப்பிடுங்க ஐயா, சோறு ஆறுது."